ஜால்ராவை மட்டும் விட்டுடாதே, பேராண்டி

வாடா ராசா, வா. செருப்பை அங்கன விட்டுட்டு இந்த நாற்காலியில உக்காரு. பசியாறிட்டியா? பாட்டி தோசை ஊத்துறா, வந்துரும். லெப்டாப்பையும் தோள்ல மாட்டிக்கிட்டே வந்திருக்கியே, அதுக்கும் ஒரு தோசை சொல்லட்டுமா? நேத்து அம்புட்டு வேலை பாத்திருக்கு, பாவம்.

தாப்பா கல்யாணத்தைப் பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன். பேசக்கூடாதுன்னு உங்க பாட்டி சத்தியம் வாங்கியிருக்கா. வாங்குறப்பவே அவ சிரிச்சுட்டா, அதனால அந்தச் சத்தியம் செல்லாது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில கொடுத்தாரு. விரலைத் தூக்கி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னாரு. நீ மேடை ஓரமா கூலிங் கிளாஸைப் போட்டுக்கிட்டு ஒத்த விரலால பட்டனைத் தட்டினே. குறை சொல்ல மாட்டேன், சத்தம் நல்லாத்தான் வந்துச்சு. முன்வரிசைக் கிழவிங்களுக்குத் தோடு ஆடுச்சு. முதல் முடிச்சு விழுந்துச்சு. ரெண்டாவது முடிச்சுல மாலையில இருந்த ஜரிகை நூல் மாட்டிக்கிச்சு. நாத்தனாக்காரி சடையைத் தூக்கிப் பிடிக்கிறா, வீடியோக்காரன் மறைக்குதுன்னு அவ கையை விலக்கச் சொல்றான், மாப்பிள்ளைக்கு நெத்தியில இருந்து ஊத்துது. கல்யாணம்னா இதெல்லாம் நடக்கிறதுதான். உன் கெட்டிமேளம் 45 வினாடியில முடிஞ்சு போச்சு பாரு, அதுதான் நடக்காதது. முடிஞ்ச கையோட நின்னுச்சா? அடுத்த பாட்டுக்குத் தாவிருச்சு. மூணாவது முடிச்சு விழுறப்போ மண்டபத்துல ஓடினது சினிமாக் குத்துப்பாட்டு. பொண்ணோட அப்பா அட்சதையைக் கையில வச்சுக்கிட்டு, போடவா வேணாமான்னு ஐயரைப் பாக்குறாரு. ஐயர் உன்னைப் பாக்குறாரு. நீ லெப்டாப்பைப் பாக்குறே. லெப்டாப்பு யாரையும் பாக்கல.

லெப்டாப்பு யாரையும் பாக்கல. அம்புட்டுதான்டா விஷயம். பாக்கியெல்லாம் தோசை வர்ற வரைக்கும் பேசுறதுக்கு.

என்னது? கிழவனுக்குக் கம்ப்யூட்டர்னா ஆகாதா? யாருடா சொன்னது? ரப்பர் மரத்தைச் சாச்சுட்டு செம்பனை நட்டப்பவே நான் ஒண்ணும் சொல்லல. உன் லெப்டாப்பையா சொல்லப் போறேன்? உன் பெரியப்பா மக தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துல இசை படிக்கிறாளே, போன லீவுக்கு வந்தப்போ அவகிட்ட கேட்டேன்: "தாயி, அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்த மனுசங்க யாரு?" புள்ளை ரெண்டு நாள் சொன்னா. ஒட்டுப்பால் பொறுக்குற மாதிரி நானும் பொறுக்கி வச்சிருக்கேன். உனக்கு எடை போட்டுத் தர்றேன்.

1951. எனக்கு ஏழு வயசு. பேராக் பூரா அவசரகாலம். முள்கம்பி வேலி, ராத்திரியில ஊரடங்கு, அரிசிகூட அளந்து கொடுத்தாத்தான். நாம இங்க கம்பிக்குள்ள இருக்கையில, அங்க மான்செஸ்டர்ல ஃபெராண்டி மார்க் 1னு ஒரு கம்ப்யூட்டர் பாடக் கத்துக்கிச்சு. சொல்லிக் கொடுத்தவரு கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, பள்ளிக்கூட வாத்தியார். அந்த மெஷினுக்குள்ள ஒரு ஒலிபெருக்கி இருந்துச்சாம். வேலை எங்க வரைக்கும் போயிருக்குன்னு ஆளுக்குச் சேதி சொல்றதுக்காக 'டிக்'குன்னு ஒரு சத்தம் போடும். அந்த டிக்கையே ஒண்ணு பின்னால ஒண்ணா வேகமா அடுக்கினா சுரமா மாறுது. உறுமிக்காரன் குச்சியைத் தேய்ச்சுத் தேய்ச்சு நாதம் எடுக்கிறானே, அதே வித்தைதான்.

சரி, வாயைத் திறந்ததும் அது பாடின பாட்டு என்ன தெரியுமா? ராஜாவை ஆண்டவன் காப்பாத்தணும்ங்கிற இங்கிலீஷ்காரன் ராஜகீதம்! பாத்தியா கூத்தை? பொறந்த அன்னைக்கே துரைக்குச் சலாம். எங்க எஸ்டேட் கங்காணிக்கே அதைக் கத்துக்க ஆறு மாசம் ஆச்சு.

பிபிசிக்காரங்க வந்து பதிவு பண்ணினாங்க. ராஜகீதம் பாடுச்சு, குழந்தைப் பாட்டு ஒண்ணு பாடுச்சு, மூணாவதா 'இன் த மூட்'னு ஒரு டான்ஸ் பாட்டு. நடுவுல திக்கி நின்னு போச்சு. கூட நின்னவங்க சிரிச்சுட்டாங்க, மெஷினுக்கு மூடு இல்ல போலிருக்குன்னு. அந்தச் சிரிப்பும் பதிவாயிருக்காம். நேத்து மண்டபத்துல சிரிச்சது எத்தனை போன்ல பதிவாச்சுன்னு நான் எண்ணல. நீயும் எண்ணாதே.

அடுத்தது 1957. நமக்கு மெர்டேக்கா கிடைச்ச வருஷம். அமெரிக்காவுல டெலிபோன் கம்பெனியோட ஆய்வுக்கூடம், பெல் லேப்ஸ்னு பேரு. அங்க மேக்ஸ் மேத்யூஸ்னு ஒரு எஞ்சினியர், வயலின் வாசிக்கிற மனுசன். 'மியூசிக்'னு ஒரு புரோகிராம் எழுதி, ஐபிஎம் 704ங்கிற கம்ப்யூட்டரை வாசிக்க வச்சாரு. எவ்வளவு நேரம்? 17 வினாடி. உன் கெட்டிமேளத்துல பாதிகூட இல்ல. அந்த 17 வினாடிக்குப் பட்ட பாட்டைக் கேளு. ஆய்வுக்கூடம் இருந்தது நியூஜெர்சியில, கம்ப்யூட்டர் இருந்தது நியூயார்க்குல. பாட்டைக் கணக்காக்கி, அங்க கொண்டு போய்க் கொடுத்து, அது கணக்குப் போட்டு முடிச்ச காந்த நாடாவைத் திரும்பத் தூக்கிட்டு வந்து, இங்க இன்னொரு மெஷின்ல மாட்டினாத்தான் சத்தம். மரம் தீம்பார்ல, தராசு ஸ்டோர்ல, ஷீட்டு புகைக்கூண்டுல. விடியக்காலம் வெட்டின பால் அன்னைக்கே டயர் ஆகுமா?

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பாட்டை எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் மனுசனுக்கு அங்க வேலை இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து கேக்க வேண்டியதுதான். நடுவுல 'மெல்லப் போப்பா'ன்னு சொல்ல முடியாது. உன் கெட்டிமேளம் இந்த ரகம். லெப்டாப்பு புதுசு ராசா, நீ இன்னும் 1957லதான் நிக்கிறே.

கோவிச்சுக்காதே. இன்னும் பெரிய அடி பாக்கி இருக்கு.

1961ல அதே ஆய்வுக்கூடத்துல கம்ப்யூட்டரை வாய்ப்பாட்டே பாட வச்சுட்டாங்க. குரலுக்கு ரெண்டு பேரு கணக்குப் போட்டாங்க, பின்னணிக்கு மேத்யூஸ். 'டெய்சி பெல்'னு ஒரு பழைய காதல் பாட்டு. அப்பவே இலங்கையில குடியேறியிருந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் அதைக் கேட்டிருக்காரு. அந்த ஞாபகம்தான் பின்னால '2001'ங்கிற படத்துல வந்துச்சு. 1968ல வெளியான படம். அதுல ஒரு கம்ப்யூட்டர், ஹால்னு பேரு, ஆளுங்களைக் கொன்னுட்டு அலையும். அதோட மூளையை ஒவ்வொரு துண்டா உருவி எடுப்பாங்க. அப்போ அது இந்தப் பாட்டைத்தான் பாடும். பாடப் பாட வேகம் குறையும், குரல் இறங்கும், இழுக்கும், அடங்கும். கேக்குறவனுக்குத் தொண்டை அடைக்கும். கொலைகாரப் பயலுக்கு நம்ம கண்ணுல தண்ணி!

நான் பேத்திகிட்ட சொன்னேன்: "தாயி, அந்த மெஷினுக்குச் சாகும்போதுதான் வேகத்தைக் குறைக்கத் தெரிஞ்சிருக்கு. உன் தம்பியோடது அதுக்கும் மேல, பொண்ணு மாப்பிள்ளை மானம் போறப்பகூடக் குறைக்கல."

சிரிக்காதே, உன்னைத்தான் சொல்றேன்.

இப்ப நான் ஜால்ரா அடிச்ச கதைக்கு வர்றேன். ஊருல ஜால்ரான்னா ஆமாம் சாமி போடுறது. அந்த ஜால்ரா நமக்கு வரல, வந்திருந்தா நானும் மண்டோர் ஆகியிருப்பேன். நான் சொல்றது கோயில் ஜால்ரா. 1958, எனக்கு 14 வயசு. வெள்ளிக்கிழமை ராத்திரி எஸ்டேட் மாரியம்மன் கோயில்ல பஜனை. ஆர்மோனியம் வாசிக்கிறது ஆபீஸ் கிராணி. படிச்சவரு, சுரமெல்லாம் அவரு விரல் நுனியில. ஆனா ஒரு கெட்ட பழக்கம். கள்ளுக்கடை மூடுற நேரம் நெருங்கினா பாட்டுல வேகம் ஏறும். அம்மனைத் தாலாட்டுற பாட்டு, தொட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடுற மாதிரி ஆயிரும். பண்டாரம் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுவாரு. நான் ஜால்ராவை இறுக்கிப் பிடிச்சு, அழுத்தி, நிதானமா ஒரு தட்டு. அதுக்கப்புறம் இன்னொரு தட்டு. பொம்பளைங்க கை தாளம் என் பக்கம் சேந்துக்கும். கிராணி தனியா எங்க ஓடுவாரு? அடங்கித்தான் ஆகணும். அந்த எஸ்டேட்டுல கிராணியை அடக்கினவன் நான் ஒருத்தன்தான், அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும்.

கடைத்தெரு ஜால்ரா 'ஆமாம் சாமி'ன்னு சொல்லும். கோயில் ஜால்ரா 'இரு சாமி'ன்னு சொல்லும்.

ஜால்ராவுக்குச் சுரம் உண்டா? கிடையாது. ரெண்டே ரெண்டு சங்கதிதான் அதுல இருக்கு: எப்போ அடிக்கிறது, எம்புட்டு அழுத்தி அடிக்கிறது. இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளு.

அந்த மேத்யூஸுக்கும் உன் வியாதி என்னன்னு புரிஞ்சு போச்சு. எழுதிக் கொடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது ஒரு சங்கீதமான்னு தோணிப் போச்சு. 1970 வாக்குல, ரிச்சர்ட் மூர்னு இன்னொருத்தரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. சத்தம் போடுறது சிந்தசைசர், அதுக்கு உத்தரவு போடுறது கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுறது மனுசன் கை. குமிழைத் திருகலாம், குச்சியை ஆட்டலாம், கட்டையை அமுக்கலாம், அப்பவே கேக்கலாம், கை செஞ்சதை அது ஞாபகமும் வச்சுக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பேரு என்ன வச்சாங்க தெரியுமா? 'க்ரூவ்'! பேத்தி சொன்னதும் நான் தொடையைத் தட்டிட்டேன். க்ரூவ்னா காடி. நம்ம பாஷையில வெட்டுக்கோடு. ஆயுசுல பாதி நான் போட்டது அந்தக் கோடுதான்டா.

அதுக்கப்புறம் ஒண்ணு எழுதினாரு, அதுதான் என் ஆளு. 'கண்டக்டர்' புரோகிராம். பஸ் கண்டக்டர் இல்லடா, கச்சேரிக்கு முன்னால நின்னு குச்சியை ஆட்டுறவரு. பாட்டோட சுரம் பூராவும் முன்கூட்டியே கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள. வாசிக்கிறவன் சுரத்தைத் தேட வேண்டாம், தப்புச் சுரம் வரவே வராது. அப்போ மனுசன் கையில என்ன மிச்சம்? எப்போ, எம்புட்டு. வேகம், அழுத்தம். அதான்டா ஜால்ரா! அம்மாம்பெரிய ஆய்வுக்கூடத்துல வருஷக்கணக்கா தேடி அவரு கண்டுபிடிச்ச வேலையை, நான் மெர்டேக்கா கிடைச்ச மறுவருஷமே சம்பளம் இல்லாம செஞ்சுக்கிட்டு இருந்தேன். பேட்டன்ட் வாங்கத்தான் விட்டுப் போச்சு.

அத்தோட விடல மனுசன். ஒரு தட்டு செஞ்சாரு. குச்சியால அடிச்சா, எந்த இடத்துல அடிச்சே, எம்புட்டு பலமா அடிச்சேன்னு தட்டுக்குத் தெரியும். அப்புறம் பாப் பூயின்னு ஒரு எஞ்சினியரோட சேர்ந்து 'ரேடியோ பேட்டன்'. ரெண்டு குச்சி, குச்சி நுனியில குட்டியா ஒரு ரேடியோ ஒலிபரப்பி, கீழ பலகையில ஆண்டெனா. தொடவே வேண்டாம். குச்சி எங்க இருக்கு, எவ்வளவு உசரத்துல நிக்குதுன்னு பலகை கண்டுக்கும். ஒரு கை தாளம் போடும், இன்னொரு கை சத்தத்தை ஏத்தி இறக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கிட்ட வந்து கேளு. பாட்டுல அங்கங்க தாளத்துக்கு அடையாளம் போட்டு வச்சிருப்பாங்க. நீ ரெண்டு தட்டு தட்டினா, அந்த இடைவெளியை வச்சு உன் வேகத்தைக் கணிச்சு அது வாசிச்சுக்கிட்டே போகும். அடுத்த அடையாளம் வந்துருச்சு, உன் தட்டு இன்னும் வரல. என்ன செய்யும்? நிக்கும். உன் கைக்காக அந்த இடத்துலயே காத்துக்கிட்டு நிக்கும். ஜரிகை நூலை எடுத்து முடிக்கிற வரைக்கும் நிக்கும். நீ தட்டினாத்தான் அடுத்த அடி.

கம்ப்யூட்டர் உன் கைக்குக் காத்திருக்குமாம் ராசா. நேத்து நாங்க முந்நூறு பேரு உன் கம்ப்யூட்டருக்குக் காத்திருந்தோம்.

1984ல பாரிஸ் நகரத்துல ஒரு மாநாடு. ரோஜர் டேனன்பர்க்னு ஒருத்தர் டிரம்பெட்டைத் தூக்கிட்டு வந்தாரு. அவரு ஊதுறாரு, கம்ப்யூட்டர் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே பின்னால வருது. அவரு ஓடினா ஓடுது, நின்னா நிக்குது. நடுவுல ஒரு சுரத்தை முழுங்கினாலோ, கூட ஒண்ணைச் சேத்துட்டாலோ தடுமாறாது. எழுதினதையும் ஊதினதையும் ஒட்டிப் பாத்து, 'ஆளு இந்நேரம் இங்கதான் இருப்பாரு'ன்னு பிடிச்சுக்கும். பேரி வெர்கோன்னு இன்னொருத்தர் அதே மாநாட்டுல புல்லாங்குழலுக்கு இப்படி ஒண்ணு கொண்டாந்தாராம். ஒரு அடியை விட்டுட்டுப் பாடுற பாட்டிங்களுக்குப் பின்னால நம்ம பண்டாரம் எப்படிப் போவாரு? அப்படித்தான். அது 1984. உங்கப்பனுக்கே அப்போ மீசை அரும்பல. உன்னைக் கேட்டா, 'தாத்தா, இப்ப ஏஐ வந்துருச்சு'ம்பே. வந்துச்சுடா, ஐயர் விரல் தெரியுதான்னு அதுகிட்டக் கேட்டியா?

வெள்ளைக்காரன் கதையாவே சொல்றேன்னு மூஞ்சியைத் தூக்காதே. நம்ம ஆளுங்க சும்மாவா இருந்தாங்க? பெங்களூர்ல ராஜ் நாராயண்னு ஒரு எஞ்சினியர், ஆகாய விமானம் கட்டுற எச்ஏஎல் கம்பெனியில வேலை பாத்தவரு, புல்லாங்குழலும் வாசிப்பாரு. 1979ல மின்னணுத் தம்பூரா செஞ்சாரு. அதுதான் ரேடல் பெட்டி. அதுக்கு முன்னால தம்பூரா மீட்ட ஒரு ஆளு வேணும். அந்த ஆளு கச்சேரி பூரா வாயைத் திறக்காம ஒரே மாதிரி மீட்டணும். ஒரே மாதிரி மீட்டுறதுதான் அங்க வேலையே. அதை மெஷின்கிட்டக் கொடுத்தா யாருக்கு நட்டம்? பொறுமைசாலி வேலையை மெஷினுக்குக் கொடு, நான் தடுக்கல. சுருதி தள்ளாட்டம் போடக்கூடாது, சரி. தாளம் மனுசனைப் பாத்துத்தான் நடக்கணும்.

நம்ம ராஜாவை எடுத்துக்க. 1986ல 'புன்னகை மன்னன்'. நம்ம சினிமாவுல கம்ப்யூட்டரை வச்சு இசை போட்ட முதல் படம்னு சொல்லுவாங்க. உங்கப்பன் அந்தக் கேசட்டைத் தேய்ச்ச தேய்ப்புல நாடா அறுந்து, நகப்பூச்சு வச்சு ஒட்டினான். கம்ப்யூட்டர் வந்துருச்சுன்னு இளையராஜா பேனாவைக் கீழ வச்சாரா? நோட்டு எழுதுறதை நிறுத்தினாரா? எதை மெஷின்கிட்டக் கொடுக்கணும், எதைக் கையில வச்சுக்கணும்னு கணக்குத் தெரிஞ்ச மனுசன். அவரு குழுவுல கீபோர்டு வாசிச்ச பையன் ஒருத்தன், அப்போ பேரு திலீப். 1992ல 'ரோஜா' வந்ததும் ஊரே ஏ. ஆர். ரஹ்மான்னு சொல்லுச்சு. அந்தப் பையன் முதல்ல பட்டனைத் தட்டக் கத்துக்கிட்டானா, மத்தவன் வாசிக்கிறதைக் கேக்கக் கத்துக்கிட்டானா? நீயே சொல்லு. சொல்ல வேண்டாம், காது சிவக்குது பாரு, அது போதும்.

இன்னொருத்தர், சென்னையில எம். சுப்பிரமணியன். 'காயகா'ன்னு ஒரு புரோகிராம் எழுதினாரு. ச ரி க ம எழுதிக் கொடுத்தா கம்ப்யூட்டர் வாசிக்கும். இது என்ன பெரிய விஷயம்னு நினைக்கிறியா? பெரிய விஷயம்தான். நம்ம சங்கீதத்துல சுரத்தை மட்டும் வாசிச்சா சங்கீதம் ஆகாது, கமகம் வேணும். ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு எப்படி வழுக்கிப் போறே, எங்க அசைக்கிறே, எங்க தொட்டும் தொடாம திரும்புறே, அதுல இருக்கு ராகம். அதையும் கணக்காக்கி அந்த மனுசன் மெஷினுக்கு ஊட்டினாரு.

உனக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நீ கித்தாக் காட்டைப் பாத்ததில்ல. இருட்டு விலகுற நேரம், நெத்தியில விளக்கு. முதல்ல கோட்டுல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை உருவணும், ரப்பர் வளையம் மாதிரி நீளமா வரும். அப்புறம் மரத்தைச் சுத்திச் சரிவா போற பழைய கோட்டு மேலயே கத்தியை வச்சு, ஒரு சீவல், மெல்லிசா. ரொம்ப மேலோட்டமா சீவினா பால் வராது. ஆழமாப் போயிட்டா மரத்துக்குக் காயம், அங்க புடைச்சுக்கும், அப்புறம் அந்த இடத்துல கத்தியே ஓடாது. எவ்வளவு ஆழம்னு கண்ணு சொல்லாது, இருட்டுல்ல? கத்தி வழியா கைக்குத் தெரியும். சீவினதும் பால் துளித்துளியா பொரியும். பொரிஞ்சது நேரா மங்குல குதிக்குமா? குதிக்காது. கோட்டோட வழிஞ்சு, சரிஞ்சு, கீழ வந்து, தகரத்துல இறங்கி, அப்புறம்தான் மங்கு.

உன் கீபோர்டு என்ன? 61 மங்கை வரிசையா அடுக்கி வச்சிருக்கே. கோடு எங்கடா? பால் எந்த வழியா வரும்? அந்தச் சென்னைக்காரர் கம்ப்யூட்டருக்குள்ள கோடு போட்டாரு. நம்ம வித்தையைத்தான் அவரு செஞ்சாரு. உன் கீபோர்டுல ஒரு சக்கரம் இருக்குமே, சுரத்தை வளைக்கிறதுக்கு? அதை எப்பவாவது தொட்டிருக்கியா? அதுல போனை மாட்டி வச்சிருக்கேன்னு உன் கூட்டாளி சொன்னான்.

அப்புறம் நீ பெருமையா சொல்லுவியே, மிடி, மிடின்னு. அதையும் விசாரிச்சேன். கம்பெனிக்காரங்க எல்லாம் ஒண்ணு கூடி, ஒருத்தர் கருவி இன்னொருத்தர் கருவியோட பேசுறதுக்காக 1983ல வச்சுக்கிட்ட பொதுப் பாஷை. நம்ம கடைத்தெருவுல சீனத் தவுக்கேயும் மலாய்க்கார மக்சிக்கும் தமிழச்சியும் பேசிக்கிற பாசார் மலாய் மாதிரி. ஒரு தட்டுக்கு 24 துடிப்பு அனுப்பி எல்லாத்தையும் ஒரே நடையில வச்சிருக்குமாம். துல்லியம், ஒத்துக்கிறேன். பெரட்டுக்கு மணி அடிக்கிற துரைக்குக்கூட அம்புட்டுத் துல்லியம் கிடையாது. ஆனா ஜரிகை நூல் மாட்டுறது அந்த 24ல எத்தனாவது துடிப்புல வரும்னு அது சொல்லுமா? கருவிக்குக் கருவி பேசிக்குது, சந்தோஷம். ஐயருக்கும் அதுக்கும் நடுவுல பேசத்தான் உன்னைச் சம்பளம் போட்டு உக்கார வச்சது.

சரி, திட்டி முடிச்சாச்சு. இனி புத்தி. காசு கொடுக்க வேண்டாம், பீடோர் கொய்யா ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தா போதும். பெருவழிச்சாலையில விக்கிற தவுக்கேகிட்ட வாங்கு, எனக்குக் கடிக்கிற மாதிரி கனிஞ்சதா.

கெட்டிமேளத்தை ஒரே பாட்டா வச்சிருக்காதே. தொடங்குற துண்டு ஒண்ணு, சுத்திச் சுத்தி ஓடுற துண்டு ஒண்ணு, முடிக்கிற துண்டு ஒண்ணுன்னு மூணா வெட்டு. நடுத்துண்டு எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்தட்டும். காலுக்குக் கீழ ஒரு பெடல் வை. ஐயர் விரல் மேல இருக்கிற வரைக்கும் கால் கீழ. விரல் இறங்கினதும் காலை எடு, முடிவுத் துண்டு தானா வந்து விழணும். அடுத்த பாட்டுக்குத் தாவுற வேலையை அடியோட நிறுத்து. கல்யாணத்துல ஒரு நிமிஷம் அமைதியா இருந்தா யாரும் சாக மாட்டாங்க. குத்துப்பாட்டுலதான் நேத்து பொண்ணோட பெரியாத்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா.

பெடலுக்குக் காசு இல்லேன்னா கூலிங் கிளாஸை வித்துரு. அது போச்சுன்னா ஐயர் விரலும் கண்ணுக்குத் தெரியும், ரெண்டு லாபம்.

அப்புறம், சாமி ரூம்ல மஞ்சப் பையில என் ஜால்ரா இருக்கு. எடுத்துட்டுப் போ. கச்சேரிக்கு வேண்டாம், வீட்டுல வச்சுக்க. பாட்டி பாடுறப்போ கூட அடி. அவ நாலு வார்த்தை பாடுவா, அஞ்சாவது வார்த்தைக்கு அடுப்பைப் பாக்கப் போயிருவா, திரும்பி வந்து ஏழாவதுல இருந்து எடுப்பா. அவளை விடாம பிடிச்சுக்கிட்டுப் போகத் தெரிஞ்சுட்டா, உலகத்துல எந்த மாப்பிள்ளை எத்தனை நேரம் முடிச்சுப் போட்டாலும் உனக்குப் பயம் இல்ல. பாரிஸ் மாநாட்டுல அவளை உக்கார வச்சிருந்தா அந்த டிரம்பெட்டுக்காரரு கம்ப்யூட்டரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

கடைசியா ஒண்ணு. மூஞ்சியைச் சுருக்காம கேளு. எனக்கு 81 ஆச்சு. என் எடுப்புக்கு நீதான் வாசிக்கணும்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். லெப்டாப்பையே கொண்டு வா, நான் என்ன எந்திரிச்சா கேக்கப் போறேன்? ஆனா பழைய எஸ்டேட் சுடுகாட்டுக்குப் போற கடைசி மேடு உனக்குத் தெரியும்ல, செம்பனைக்கு நடுவுல. அந்த மேட்டுக்கு மட்டும் வண்டி வேண்டாம், தோள்ல தூக்கச் சொல்லியிருக்கேன். தூக்கப் போறது உன் அப்பனும் சித்தப்பனுங்களும். அதுல ரெண்டு பேருக்கு முட்டிவலி, ஒருத்தனுக்கு இனிப்பு நீர். வளைவுல தோள் மாத்துவானுங்க, அப்போ வாசிப்பை நிறுத்தி நில்லு. நடக்க ஆரம்பிச்சா நீயும் நட. திரையைப் பாக்காதே, அவனுங்க காலைப் பாத்து வாசி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. 45 வினாடியில என்னைக் கரையேத்திட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினே, ஹால் மாதிரி இழுத்து இழுத்துப் பாடிக்கிட்டே எந்திரிச்சு வந்துருவேன்.

இந்தா, தோசை வந்துருச்சு. லெப்டாப்பை அங்கிட்டு நகட்டு. சட்னி சிந்தினா அதுக்கும் மூடு போயிரும்.